கார்பன் ரோடு சைக்கிளில் மட்கார்டு: குழாயை நசுக்காமல் பொருத்தும் முறை

பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்புச் சைக்கிளில் மட்கார்டைப் பற்றி யாரும் தனியாக யோசிக்க வேண்டியிருந்ததில்லை. அது ஆலையிலிருந்தே சைக்கிளோடு வந்தது; அதன் தாங்கு கம்பிகளைச் சக்கர அச்சின் நட்டுக்கு அடியில் கொடுத்து முடுக்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அசையாது. கார்பன் ரோடு சைக்கிள் வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. பந்தயச் சைக்கிளின் வழிவந்த வடிவம் என்பதால், டயருக்கும், முன்சக்கரத்தை இரு காலால் கவ்வி நிற்கும் ஃபோர்க்குக்கும் இடையே சுண்டுவிரல்கூட நுழையாத சந்து, துளையே இல்லாத அச்சு முனைகள், நெரித்தால் உள்ளுக்குள் விரிசல் விடக்கூடிய குழாய்கள் என மட்கார்டுக்கு ஒவ்வாத எல்லாம் அதில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

ஆனாலும் அது தேவைப்படுகிறது. சென்னையிலும் கிழக்குக் கரையோரத்திலும் வெயில் தணிந்து நெடுந்தூரம் ஓட்டத் தோதான காலம் தொடங்குவதும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சைக்கிளைச் சுவரில் மாட்டிவைத்தால் ஆண்டின் நல்ல காலைகளில் பாதி போய்விடும். மழை நின்ற பிறகும் சாலையில் தேங்கிய நீர் மணலோடும் எண்ணெயோடும் டயரில் ஏறி, சுழற்சியின் தொடுகோட்டுத் திசையில் தெறிக்கிறது. பின்சக்கரம் தெறிப்பது முதுகிலும், பின்னால் ஒட்டி வருகிறவரின் முகத்திலும் விழுகிறது. முன்சக்கரம் தெறிப்பதோ பாதங்களையும், முன்பக்கமிருந்து மிதிகளை நோக்கி இறங்கும் டவுன் ட்யூபையும், மிதிகளின் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டையும் குறிபார்க்கிறது. உடை நனைவதைத் துவைத்துச் சரிசெய்துகொள்ளலாம். பேரிங்குக்குள்ளும் செயினுக்குள்ளும் புகும் மணற்குழம்புதான் செலவு வைக்கிறது. பலர் பின் மட்கார்டை மட்டும் மாட்டிக்கொண்டு திருப்தியடைகிறார்கள். சைக்கிளின் ஆயுளைக் கருதினால் முன் மட்கார்டுக்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் கருத்து.

கார்பனின் குணம்

கார்பன் குழாய் என்பது கார்பன் நார்களை எபாக்ஸிப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்து இறுகச்செய்த ஓர் உறை. நார்கள் ஓடும் திசையில் அது இரும்பையும் விஞ்சும் வலிமை காட்டும். ஆனால் ஒரே இடத்தில் சுற்றிவளைத்து நெரிக்கும் விசைக்காக அந்த அடுக்குகள் வகுக்கப்படவில்லை. இரும்புக் குழாயை அதிகமாக முடுக்கினால் அது நசுங்கி, நசுங்கியதைக் கண்ணுக்குக் காட்டிவிடும். கார்பன் குழாய் மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அடுக்குகள் பிரிந்துபோயிருக்கலாம். ஆகவே தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இரும்பு ஹோஸ் கிளிப்பையோ, உலோகப் பட்டையை வளைத்து ஒரு போல்ட்டால் முடுக்கும் கிளிப்பையோ கார்பன் ஃபோர்க்கிலும் பின்குழாய்களிலும் போடவே கூடாது. துளையிடுவது அதைவிடப் பெரிய தவறு. அறுபட்ட நார் மறுபடி சேராது. உத்தரவாதமும் அந்தத் துளையோடு போய்விடும்.

இரண்டாவது ஆபத்து உராய்வு. ரப்பர் மென்மையானது என்றுதான் நினைக்கிறோம். அதற்கும் குழாய்க்கும் இடையே ஈர மணல் புகுந்துவிட்டால், சாலையின் ஒவ்வோர் அதிர்விலும் அது உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. மூன்றாவதாக, கடலோரங்களில் ஓட்டுகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு: உப்பு ஈரத்தின் ஊடே அலுமினியமும் கார்பனும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். மட்கார்டின் அலுமினியப் பாகம் எதுவும் வெறும் கார்பன்மீது உட்காரக் கூடாது. நடுவே ஒரு படலம் இருக்கவேண்டும்.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி ஒன்றுதான். ஒரு ஜோடி நெகிழி மட்கார்டுகளின் எடை சில நூறு கிராம். அவற்றைத் தாங்கப் பெரிய விசை தேவையில்லை. அவை கழன்றுவிழுவது எடையால் அன்று, ஓயாத ஆட்டத்தால். எனவே ஓரிடத்தில் இறுக்கிப் பிடிப்பதைக் காட்டிலும், ஒன்றுக்கொன்று விலகிய மூன்று இடங்களில் மென்மையாகப் பிடிப்பதே உறுதியைத் தரும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் இந்த விதியை ஒட்டியே அமைகிறது.

வாங்குவதற்கு முன் அளக்கவேண்டியவை

கடைக்குப் போகுமுன் ஆலன் கீ (அறுகோணச் சாவி) கட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அதைவிடக் கைக்கு எளிய அளவுகோல் கிடையாது. முன்சக்கரத்தின் உச்சிக்கும் ஃபோர்க்கின் கவட்டுக்கும் இடையில், சக்கர வளையத்தை அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் பிரேக்கின் அடிப்பகுதிக்கும் டயருக்கும் இடையில், 8 மில்லிமீட்டர் ஆலன் கீ உரசாமல் நுழைகிறதா என்று பாருங்கள். பின்னால் பிரேக்கின் கீழும், பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்அச்சுக்குச் செல்லும் இரு செயின்ஸ்டே குழாய்கள் இணையும் சந்திலும் அதையே செய்யுங்கள். மட்கார்டின் தகடு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதற்கும் டயருக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீட்டராவது வேண்டும். ஆகவே 8 மில்லிமீட்டர் சாவி நுழையாத இடத்தின் ஊடாக முழுநீள மட்கார்டைக் கொண்டுசெல்ல முயல வேண்டாம். எப்படியோ திணித்துவிடலாம்தான், முதல் சிறுகல்லிலேயே அது டயரோடு உரசத் தொடங்கும்.

இடம் போதாதென்றால் இரண்டு வழிகள் உண்டு. 28 மில்லிமீட்டர் டயரிலிருந்து 25க்கு இறங்குவது ஒன்று. உயரத்தில் ஏறக்குறைய அதே மூன்று மில்லிமீட்டர் மீளும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவை மட்டும் நம்பாமல் காற்றடித்த நிலையில் வெர்னியர் காலிப்பரால் அளப்பது நல்லது, ஏனெனில் அகலமான ரிம்மில் ஏறிய 28 மில்லிமீட்டர் டயர் 30ஐ எட்டுவதுண்டு. மற்றொரு வழி, கவட்டின் ஊடாகச் செல்லாமல் அதன் பின்புறத்திலேயே தொடங்கும் துண்டு மட்கார்டைத் தேர்ந்தெடுப்பது. மட்கார்டின் அகலம் டயரைவிட ஏழெட்டு மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்கவேண்டும். 25, 28 டயர்களுக்கு 35 மில்லிமீட்டர் மட்கார்டு பொருந்தும்.

இன்னோர் அளவை யாரும் எடுப்பதில்லை. ஓட்டும்போது அணியும் ஷூவோடு மிதியில் கால் வைத்து, மிதித்தண்டைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். சிறிய அளவுச் சட்டங்களில் (ஃபிரேம்களில்) ஷூவின் முனை முன்டயரைத் தொடுவது இயல்பே. மட்கார்டு போட்டபின் அந்த இடைவெளி மேலும் ஓரிரு சென்டிமீட்டர் குறையும். வேகத்தில் இதனால் ஒன்றுமில்லை. ஆனால் சிக்னலில் மெதுவாக வளையும்போதோ குறுகிய சந்தில் திரும்பும்போதோ கால் சிக்கினால் அப்படியே பக்கவாட்டில் விழவேண்டியதுதான்.

மூன்று வகைச் சட்டங்கள், மூன்று வழிகள்

எல்லாக் கார்பன் சைக்கிளும் துளையற்றவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ட்ரெக் டொமேன், கேனன்டேல் சினாப்ஸ் போன்ற நெடுந்தூர வகைகளின் பல மாதிரிகளில் மட்கார்டுக்கான திருகுத் துளைகள் மறைவாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஃபோர்க் கால்களின் உட்புறத்திலும் பின்அச்சுக்கு அருகிலும் சிறிய ரப்பர் மூடியோ வெற்றுத் திருகோ தென்படுகிறதா என்று தேடுங்கள். உரிமையாளர் கையேடும் சொல்லும். அப்படி இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. பெரும்பாலும் எம்5 (5 மில்லிமீட்டர்) அளவுத் திருகு போதும். ஆனால் அந்தத் துளை, கார்பனுக்குள் ஒட்டப்பட்ட ஓர் உலோகச் செருகல் என்பதை மறக்கக் கூடாது. முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருப்பி, மரை சரியாகப் பிடித்ததென்று உறுதிசெய்தபின், கையேட்டில் குறித்த நியூட்டன் மீட்டர் அளவுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். மிகையாக முடுக்கினால் செருகலே பிசினை விட்டுக் கழன்று சுழலும். அதைச் சீராக்குவது வீட்டு வேலையன்று. செயின் உள்ள பக்கத்தில் திருகின் முனை உட்புறமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீட்டினால், செயின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு வரும்போது அதில் இடிக்கும். தேவையான அளவுக்குக் குட்டையான திருகைப் போடுவதே இதற்குத் தீர்வு.

துளையில்லாத, ஆனால் ரிம் பிரேக்கும், நெம்புபிடியால் கழற்றும் குவிக் ரிலீஸ் அச்சும் கொண்ட பழைய கார்பன் சைக்கிள்களுக்கு வேறொரு வகை உண்டு. ஜெர்மனியின் எஸ்கேஎஸ் நிறுவனத்தின் ரேஸ்பிளேட் லாங் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இதில் மேற்பகுதி பிரேக்கின் போல்ட்டோடும், கீழ்ப்பகுதிகள் அச்சின் முனையில் மாட்டும் சிறு தகடுகளோடும் சேர்கின்றன. ஏற்கெனவே விசை தாங்குவதற்கென்றே அமைந்த இடங்களை மட்டும் இது பயன்படுத்துவதால், குழாய்கள்மீது புதிதாக எந்த நெரிப்பும் விழுவதில்லை. என் மதிப்பில் கார்பனுக்கு ஏற்ற மிகச் சிறந்த ஏற்பாடு இதுவே. கவனிக்கவேண்டியது பிரேக்கின் போல்ட். இடையில் ஒரு தகடு நுழைவதால், பின்னாலிருந்து வரும் நீண்ட நட்டுக்குள் போல்ட் செல்லும் ஆழம் அந்த அளவுக்குக் குறைகிறது. 6 மில்லிமீட்டர் போல்ட் என்பதால் நட்டு குறைந்தது ஆறு முழுச் சுற்றாவது பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த நீளத்தில் நட்டு வாங்குங்கள். அது பல நீளங்களில் கிடைக்கிறது. ஷிமானோ தன் ரோடு பிரேக்குகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முடுக்கத்தைக் குறிக்கிறது, ஆனால் சட்டத் தயாரிப்பாளர் அதைவிடக் குறைவான அளவைச் சொல்லியிருந்தால் அதையே கொள்ளவேண்டும். முடுக்கியபின் பிரேக் நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் தெருவில் இறங்கக் கூடாது.

இன்றைய சைக்கிள்களில் பெரும்பாலானவை டிஸ்க் பிரேக்கும், குழாய்போல் ஊடுருவித் திருகும் த்ரூ ஆக்ஸில் அச்சும் கொண்டவை. அவற்றில் அச்சு முனைத் தகட்டை மாட்ட முடியாது. மட்கார்டு மாட்டும் காதுகளோடு வரும் மாற்று அச்சுகள் உண்டு. வாங்கினால் நீளமும் மரையின் இடைவெளியும் மூல அச்சோடு இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கவேண்டும். கவட்டுக்குக் கீழிருந்து, ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஏறும் தண்டுக்குள் விரிந்து பிடிக்கும் ஆப்புகளும் விற்கப்படுகின்றன. தண்டு கார்பனாக இருந்தால், தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி அந்தப் பக்கமே போகவேண்டாம். உடைந்தால் ஆளைக் கீழே தள்ளும் பாகம் அது. எனவே மிகுதியானோருக்கு எஞ்சுவது ரப்பர்ப் பட்டையால் குழாயைத் தழுவிப் பிடிக்கும் வகையே. தவறு நேர அதிக வாய்ப்புள்ளதும் அதுவே என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

பட்டை வகையைப் பொருத்துதல்

முதலில் சைக்கிளைக் கழுவி, நன்கு உலரவிட்டு, பட்டை அமரப்போகும் இடங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். கையில் டார்ச் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த இடங்களில் ஏற்கெனவே கீறலோ மயிரிழை விரிசலோ இருக்கிறதா என்று பார்த்து, ஒரு படமும் எடுத்துவையுங்கள். மழைக்காலம் முடிந்து கழற்றும்போது ‘இது முன்பே இருந்ததா?’ என்ற கேள்வி கட்டாயம் எழும்.

அடுத்தது காப்புப் படலம். கார், மோட்டார் சைக்கிள் வண்ணப்பூச்சைக் காக்க ஒட்டும் தெளிவான பாலியூரிதேன் படலம் இதற்கு ஏற்றது. சைக்கிள்காரர்கள் இதை ஹெலிகாப்டர் டேப் என்பார்கள். ஹெலிகாப்டரின் சுழல்தகடுகளை மணலிலிருந்து காக்கப் பயன்பட்டதால் வந்த பெயர். பட்டையின் அகலத்தைவிட இருபுறமும் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலைகள்தான் முதலில் உரியும். ஒரு துளி ஷாம்பு கலந்த நீரைத் தெளித்து ஒட்டினால் சரியான இடத்துக்கு நகர்த்திக்கொள்ள முடியும். பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக நீரை வழித்தெடுத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். அவசரத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுகிறவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி, பட்டையோடு சேர்ந்து நழுவும். கழற்றினால் பிசுபிசுப்பு மிஞ்சும். வேறெதுவும் கிடைக்காவிட்டால் பழைய டயர் ட்யூபின் ஒரு துண்டு அதைவிட மேல்.

பட்டையின் இடத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அச்சின் மையத்திலிருந்து டேப்பால் அளந்து, இரு பக்கமும் ஒரே உயரத்தில் பென்சிலால் குறியுங்கள். முன்பக்கம் இடது ஃபோர்க் காலின் அடியில் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பர் இருக்கும். பட்டையும் தாங்கு கம்பியும் அதற்கு மேலேயே அமையட்டும். கீழிறங்கும் முயற்சியில் கம்பி சுழலும் டிஸ்க்கின் அருகே போகக் கூடாது. நெகிழ்ந்த கம்பி டிஸ்க்கைத் தொட்டால் சத்தத்தோடு நிற்காது, சூட்டில் நெகிழிப் பாகம் உருகவும் செய்யும். பிரேக்கின் எண்ணெய்க் குழாய் ஃபோர்க்கின் வெளிப்புறமாகச் சென்றால் அதைப் பட்டைக்குள் சேர்த்துக் கட்டாதீர்கள்.

பட்டையைக் கையால் மட்டும் இழுத்து மாட்டுங்கள். இரண்டு விரலால் திருகிப் பார்க்கும்போது அது குழாயைச் சுற்றி நழுவாமல் இருந்தால் போதும்; அதற்கு மேல் இழுத்த ரப்பர் நன்றாகப் பிடிப்பதில்லை, சீக்கிரம் வெடிக்கிறது. கேபிள் டை போடும் வகை என்றால், கிடைப்பதில் அகலமானதை வாங்குங்கள். மெல்லிய டை விசையை ஒரு நூலளவு கோட்டில் குவிக்கும், அகலமானது பரப்பும். அதனடியில் ட்யூப் துண்டு கட்டாயம் வேண்டும். இடுக்கியால் இழுத்து முடுக்க வேண்டாம். அதன் முடிச்சுத் தலை கெண்டைக்காலும் டயரும் படாத பக்கம் திரும்பியிருக்கட்டும். மிஞ்சிய வாலைக் கத்தரியால் சாய்வாக வெட்டினால் அது பிளேடுபோல் காலைக் கிழிக்கும். நகவெட்டியால் ஒட்ட நறுக்கினால் வழவழப்பாக முடியும். இது சிறு விஷயமாகத் தோன்றலாம், என் கெண்டைக்காலில் உள்ள தழும்பு வேறு கருத்துடையது.

இப்போது மூன்று இடப் பிடிப்பு. முன் மட்கார்டுக்குக் கவட்டின் அருகே ஒன்று, இரு ஃபோர்க் கால்களில் ஒவ்வொன்று. பின் மட்கார்டுக்கு, இருக்கைக்குக் கீழிருந்து அச்சை நோக்கி இறங்கும் சீட்ஸ்டே குழாய்களின் மேற்பகுதியில் ஒன்று, அவற்றின் கீழ்ப்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொன்று. சில பெட்டிகளில் மேற்பிடிப்பு வெறும் ஒட்டும் அட்டையாகவே வரும். அங்கே தரமான நுரைவகை இருபக்க டேப் நன்றாக வேலை செய்கிறது. ஒட்டியதும் முழு வலிமை வந்துவிடாது; ஒரு நாள் அசையாமல் வைத்திருந்து அதன்பிறகே ஓட்டவேண்டும். கழற்றும்போது பிய்த்தெடுக்காமல், மீன்பிடி நரம்பை அறுப்பதுபோல் இடையில் ஓட்டி எடுத்தால் வண்ணப்பூச்சு தப்பும். உடனடியாக ஒட்டும் பசைகளைக் கார்பன்மீது விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

தாங்கு கம்பிகள் நீளமாகவே வரும். எல்லாவற்றையும் தற்காலிகமாகப் பொருத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மார்க்கரால் குறித்தபின் வெட்டுங்கள். ஹேக்ஸாவால் அறுத்தபின் அரத்தால் முனையை மழுக்கி, நெகிழித் தொப்பியைப் போட்டுவிடவேண்டும். மழுக்காத கம்பிமுனை விழும்போது உடலில் ஏறும்.

சந்தின் ஒழுங்கு

டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள சந்து எல்லா இடத்திலும் சமமாக இருந்தால் பார்க்க அழகு. ஆனால் பாதுகாப்புக்கு அதைவிட நல்ல ஒழுங்கு ஒன்று உண்டு. சைக்கிள் முன்னோக்கி உருளும்போது சக்கரத்தின் பின்விளிம்பு மேல்நோக்கி ஏறுகிறது. எனவே சாலையிலிருந்து ஒட்டிவரும் கல்லும் சுள்ளியும் முன் மட்கார்டின் பின்கீழ் முனை வழியாகவே உள்ளே நுழைகின்றன. நுழைவாயில் அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் இருந்தால், நுழைந்தது நடுவழியில் சிக்கும். நுழைவாயிலைக் குறுக்கி, மேலே போகப்போகச் சந்து அகலுமாறு வைத்தால், நுழையும் அளவுள்ள எதுவும் வெளியேறிவிடும். ரோடு சைக்கிளில் கவட்டின் அடியில்தான் இடம் மிகக் குறைவு என்பதால், பின்கீழ் முனையின் சந்து கவட்டின் சந்தைவிட அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்வதே நடைமுறையில் சாத்தியமானது.

முன் மட்கார்டில் ஏதேனும் சிக்கி, தகடு மடங்கிச் சுருண்டு, சக்கரம் சட்டென்று நின்றால் ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கியெறியப்படுவார். இதற்காகவே நல்ல முழுநீள மட்கார்டுகளின் முன்தாங்கு கம்பிகள், பலமாக இழுபட்டால் தாமாகக் கழன்றுகொள்ளும் நெகிழிக் கவ்விகளோடு வருகின்றன. அது அடிக்கடி கழல்கிறதென்று அலுத்து, கேபிள் டையால் கட்டிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கழல்வது அதன் பழுதன்று, அதன் வேலை. வீதியோரம் வாழைமட்டையும் வேலிக்கம்பியும் கிடக்கும் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் இந்தக் கவ்வியைத் தொடவே கூடாது. பட்டை வகையிலும் முன்கட்டு பின்கட்டைவிட எளிதில் விட்டுக்கொடுப்பதாக இருப்பது நல்லது.

மட்ஃபிளாப்

ரோடு சைக்கிளுக்கென்று விற்கும் முன் மட்கார்டுகள் பெரும்பாலும் குட்டையாக முடிந்து, ஷூவைத் தெறிப்புக்கு விட்டுவிடுகின்றன. அதன் கீழ்முனையில் தொங்கும் மடலாக ஒரு ஃபிளாப்பைச் சேர்த்தால் பலன் இரட்டிப்பாகும். ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேனின் பக்கச்சுவர் இதற்கு அருமையான பொருள். வளைந்து கொடுக்கும், கிழியாது. மட்கார்டைவிடச் சற்று அகலமாக, கீழ்நோக்கி விரியுமாறு வெட்டி, இரண்டு சிறு போல்ட்டுகளால் அகலமான வாஷர் வைத்துப் பிணையுங்கள். போல்ட்டின் தட்டையான தலை டயர்ப் பக்கமும் நட்டு வெளிப்பக்கமும் இருக்கவேண்டும். தரையிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஃபிளாப் முடியட்டும். இன்னும் தாழ்த்தினால் வேகத்தடையில் உரசும். நடைமேடை விளிம்பிலிருந்து சைக்கிளைப் பின்னோக்கி இறக்கும்போது சக்கரத்தின் அடியில் சிக்கி மட்கார்டையே பிடுங்கிவிடும். பின்பக்க ஃபிளாப் உங்களுக்காக அன்று, பின்னால் வருகிறவருக்காக. மழை ஓயாத பிரிட்டனின் குளிர்காலக் குழுச் சவாரிகளில் நீண்ட பின் ஃபிளாப் இல்லாதவர் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டியிருக்கும். நம் குழுக்களும் அதைக் கடைப்பிடித்தால் நன்று.

ஓட்டிப் பார்த்தல்

சைக்கிளைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, இரு சக்கரமும் ஒன்றாகப் படுமாறு மெல்ல விடுங்கள். கடகடவென்று ஒலித்தால் எங்கோ ஒரு பிடிப்பு போதவில்லை. பெரும்பாலும் அது மூன்றாவது பிடிப்பாகவோ, கம்பி மட்கார்டோடு சேரும் திருகாகவோ இருக்கும். உலோகத்தோடு உலோகம் சேரும் அந்தத் திருகுகளில் எளிதில் கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசையைத் துளி விடலாம். பிறகு ஒருவரைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பின்சக்கரத்தைப் பாருங்கள். நின்றுகொண்டு பலமாக மிதிக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் சற்று வளையும், அதற்கும் இடம் வேண்டும். ஒரு முறை இரு சக்கரங்களையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். பஞ்சர் விழுவது எப்போதும் மழையிலும் இருட்டிலும்தான். மட்கார்டு வழிமறிப்பதை அப்போது கண்டுபிடிக்கக் கூடாது.

முதல் ஓட்டத்துக்கு வீட்டைச் சுற்றியே பதினைந்து இருபது கிலோமீட்டர் போதும், வேகத்தடைகள் நிறைந்த வழியாக இருந்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் எல்லாப் பிடிப்புகளையும் கையால் அசைத்துப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் சரிசெய்யுங்கள். புதிய ரப்பர் முதல் சவாரியில் கொஞ்சம் தளர்வது இயல்பு.

இவ்வளவுக்கும் இடமில்லாத, பந்தயத்துக்கென்றே நெருக்கமாக வார்க்கப்பட்ட சட்டங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இருக்கையின் அடிக்கம்பிகளில் செருகும் மடிப்புத் தகடு ஒன்றும், டவுன் ட்யூபில் கட்டும் தகடு ஒன்றுமே வழி. முன்னது உடையை ஓரளவு காக்கும், பின்னது பாட்டம் பிராக்கெட்டை ஓரளவு காக்கும். பாதங்கள் நனையத்தான் செய்யும்.

கழற்றிப் பார்க்கவேண்டிய நாள்

முதன்முதலாக மட்கார்டு போட்ட ஆண்டில் நான் படலம் எதுவும் ஒட்டவில்லை. பட்டை ரப்பர்தானே, அது என்ன செய்துவிடும் என்ற எண்ணம். தீபாவளிக்கு முன் மாட்டியதைப் பொங்கலுக்குப் பிறகு கழற்றியபோது, ஃபோர்க்கின் இரு கால்களிலும் மோதிரம்போல் ஒரு மங்கிய வளையம் இருந்தது. மேற்பூச்சு முழுவதும் தேய்ந்து, ஓரிடத்தில் கறுப்பு நார் தெரியத் தொடங்கியிருந்தது. நார் அறுபடவில்லை என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தச் சைக்கிளை நான் ஓட்டவில்லை.

அன்று முதல் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லாப் பட்டைகளையும் கழற்றி, உள்ளே சேர்ந்த மணலை நீரால் கழுவி, படலம் நைந்திருந்தால் மாற்றிவிட்டு மறுபடி மாட்டுகிறேன்; கடற்கரைச் சாலையில் ஓட்டிய வாரமென்றால் அன்றைக்கே. இதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. பட்டை இருந்த இடத்தைச் சுற்றி நாணயத்தின் விளிம்பால் மெல்லத் தட்டிப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். நலமான கார்பன் எங்கும் ஒரே மாதிரியான தெளிந்த ஒலி தரும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமாகக் கேட்டாலோ, மேற்பூச்சில் புதிய கோடு தெரிந்தாலோ, மட்கார்டை மறுபடி மாட்டாமல், சைக்கிளையும் ஓட்டாமல், கார்பன் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.